வெளியே போனே, காலை உடைச்சிடுவேன்!

தம்பி மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் தொப்பென்று போட்டாள். 'நாளை மழை பெய்தால்' என்பதற்கு அவள் 'இஃப் இட் வில் ரெய்ன் டுமாரோ' என்று எழுதியிருந்தாள். அந்த 'வில்'லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"பெரியப்பா, மழை நாளைக்குத்தானே பெய்யப்போகுது? நாளைக்குன்னா 'வில்' போடணும்னு போன மாசம் மிஸ்தான் சொன்னாங்க. இப்பப் போட்டா தப்புங்கிறாங்க."

நியாயமான கேள்வி. நான் நாற்பது வருடமாக இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன். ஆபீசில் டிராஃப்ட் போட்ட கடிதங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் பதில் வாயில் வரவில்லை. "இஃப்புக்குப் பக்கத்தில வில் வராதும்மா, அது ரூல்" என்றேன். ரூல் என்று சொல்லிவிட்டால் பெரியவர்களுக்கு வேலை முடிந்தது. அவள் நோட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அவள் அம்மா சின்னவனை அதட்டினாள். "டேய், இந்த மழையில வெளியே போனே, காலை உடைச்சிடுவேன்!"

எனக்குப் பொறி தட்டியது.

"அம்மா இப்ப சொன்னாங்களே, 'போனே'ன்னு. அது என்ன காலம்?"

"இறந்தகாலம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தம்பி இன்னும் போகவே இல்லையே!"

அதுதான் சங்கதி. பையன் இன்னும் வாசல்படியைத் தாண்டவில்லை. இனிமேல் தாண்டக்கூடாது என்பதற்குத்தான் இந்த மிரட்டல். இருந்தும் 'போவே' என்று அவள் சொல்லவில்லை, 'போனே' என்றாள். 'பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெய், த், ஆல். நடுவில் உட்கார்ந்திருக்கும் 'த்' இறந்தகால இடைநிலை. வந்தால், போனால், கேட்டால் எல்லாம் அப்படித்தான். நாளைக்குப் பெய்யப்போகிற மழையை நேற்றுப் பெய்த மழையின் உருவத்தில்தான் நாம் சொல்கிறோம். 'பெய்யுமால்' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை, யாரும் அதற்கு ரூல் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆக, அவள் செய்த தப்புக்குத் தமிழ்மேல் பழி போட முடியாது. தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்தைக் கணக்குப் பாடம் மாதிரி போட்டதால் வந்த தப்பு அது.

பழந்தமிழில் இதற்கு 'செயின்' என்று ஒரு வாய்பாடு. வரின், பெறின், எனின் என்று திருக்குறள் முழுக்கப் பார்க்கலாம். தொல்காப்பியர் இதை வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகச் சொல்கிறார். நன்னூலார் எதிர்காலம் காட்டும் எச்சங்களோடு சேர்க்கிறார். அந்த உருவத்துக்குள் 'த்'தும் கிடையாது, 'ப்'பும் கிடையாது. காலத்தை நிபந்தனையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஆங்கிலக்காரரும் ஏறக்குறைய அதே காரியத்தைத்தான் செய்கிறார். 'இஃப்' என்று சொன்னதுமே இன்னும் நடக்காத விஷயம் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு ஒரு 'வில்'? 'இஃப் இட் ரெய்ன்ஸ்' போதும்.

இந்த ரூலுக்கும் விலக்கு உண்டு. தயவுசெய்து ஒரு நிமிடம் காத்திருக்கச் சம்மதித்தால் என்கிற பொருளில் 'இஃப் யூ வில் வெய்ட்' என்பார்கள். அந்த 'வில்' காலத்தைச் சொல்லவில்லை, இசைவைச் சொல்கிறது. அதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

பள்ளிக்கூடத்தில் இதை டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என்று கட்டம் போட்டு நடத்துகிறார்கள். இப்போது அதற்கு முன்னால் சைபர் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் பாஸ்ட் வந்தால் அந்தப் பக்கம் 'வுட்', இந்தப் பக்கம் 'ஹேட்' வந்தால் அந்தப் பக்கம் 'வுட் ஹேவ்'. பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் மதிப்பெண் விழும். எதை எப்போது சொல்வது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது.

நான் அந்தக் கட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பழமொழிகளை எடுத்தேன். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.' 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.' என்றைக்கும் எங்கேயும் நடப்பது. அது சைபர், இரண்டு பக்கமும் சாதாரண நிகழ்காலம். 'மழை பெய்தால் மொட்டைமாடியில் காயும் வற்றல் நனைந்துவிடும்' என்பது நடக்கக்கூடியது. அது டைப் ஒன்று. 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.' முளைக்குமா? முளைக்காது. அதுதான் டைப் இரண்டு.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெய்தால், முளைத்தால் இரண்டுக்கும் தமிழில் ஒரே உருவம். வற்றல் நனைவது நடக்கிற காரியம், அத்தையின் மீசை நடக்காத காரியம் என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. கேட்கிறவருக்கு உலகம் தெரியும், புரிந்துகொள்வார் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. நீ சொல்கிற விஷயம் நடக்கும் என்று நினைக்கிறாயா, நடக்காது என்று நினைக்கிறாயா, அதை வினைச்சொல்லிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசு என்கிறது.

தேர்தலில் நிற்கிற ஒருவர் "நான் ஜெயித்தால் பாலம் கட்டுவேன்" என்று தமிழில் பேசினால் அவர் மனசில் இருப்பது நமக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 'இஃப் ஐ வின்' என்றால் நம்பிக்கையோடு நிற்கிறார். 'இஃப் ஐ வன்' என்றாரோ, டெபாசிட்டே சந்தேகம் என்று பொருள்.

தமிழிலும் கனவைக் காட்ட ஒரு வழி உண்டு, வினைச்சொல்லில் அல்ல. 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். "எனக்கு மட்டும் சிறகு இருந்தா", "நான் மட்டும் கலெக்டரா இருந்தா". அந்த 'மட்டும்' வந்ததுமே ஆள் தரையில் இல்லை என்று தெரிந்துவிடும். (மிரட்டும்போதும் இதே 'மட்டும்' வரும். "அவன் மட்டும் என் கையில கிடைச்சான்...") பெருமூச்சோடு 'மட்டும்' போடத் தோன்றுகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைப் போடு என்று பிள்ளையிடம் சொன்னேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது.

'இஃப் ஐ வேர் யூ' என்கிறார்களே, 'ஐ'க்கு எப்படி 'வேர்' வரும் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் முன்பு நடக்காததைச் சொல்ல வினைச்சொல்லுக்குத் தனி உருவம் இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்து சாதாரண இறந்தகாலத்தோடு கலந்துவிட்டது. இந்த ஒரு வினையில் மட்டும் தழும்பு மாதிரி அது மிச்சம் இருக்கிறது. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று ஆங்கிலேயர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். பரீட்சையில் மட்டும் 'வேர்' எழுதிவிடு என்றேன்.

தள்ளி நிற்பதைக் காட்டத்தான் இரண்டு மொழியும் இறந்தகாலத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது என் எண்ணம். நேற்று என்பது காலத்தில் தள்ளி இருப்பது. அத்தையின் மீசை நிஜத்திலிருந்து தள்ளி இருப்பது. மூன்றாவதாக ஒரு தள்ளல் உண்டு, மரியாதை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தீங்கன்னா நல்லாயிருக்கும்" என்கிறோம். உட்காருங்கள் என்று நேராகச் சொல்லாமல் அவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மாதிரி பாவித்துப் பேசுகிறோம். ஆங்கிலக் கடிதத்தில் 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்று எழுதுவதும் அதே பணிவுதான்.

டைப் மூன்றுக்கு எனக்குப் பழமொழி கிடைக்கவில்லை. யோசித்தால் அதற்குக் காரணமும் இருக்கிறது. பழமொழி ஊருக்குப் பொது. இந்த வாக்கியம் ஆளுக்கு ஆள் வேறு. "நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்." சொல்லவில்லை, வரவில்லை, இரண்டும் முடிந்துபோனவை. தமிழில் 'இரு' என்ற துணைவினை ஆங்கிலத்தின் 'ஹேட்', 'ஹேவ்' செய்கிற வேலையைச் செய்கிறது. பின்பாதியில் வரும் 'இருப்பேன்' எதிர்கால உருவம் என்பதைப் பாருங்கள். வராமல் போன எதிர்காலம் அது. ஆங்கிலத்தின் 'வுட்' என்பதும் 'வில்'லின் இறந்தகாலம்தான். மொழிகளுக்குள் உறவு ஒன்றும் கிடையாது, யோசனை மட்டும் ஒரே தடத்தில் ஓடியிருக்கிறது.

துஷ்டி வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். "முந்தாநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..." அவ்வளவுதான், பின்பாதியை யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. என் அப்பா போன அன்று அப்படி ஒரு அரை வாக்கியத்தை எங்கள் அத்தை திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கணப் புத்தகப்படி அது முற்றுப்பெறாத வாக்கியம். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

கட்டத்துக்குள் அடங்காதது இன்னும் ஒன்று. "அன்னைக்கு ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னைக்கு ஏ.சி. ரூம்ல உட்கார்ந்திருப்பேன்." முன்பாதி போன காலம், பின்பாதி இன்றைய தேதி. ஆங்கிலத்தில் முதல் பாதியை டைப் மூன்றிலிருந்தும் அடுத்த பாதியை டைப் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சொல்லும் வாக்கியம் இது, ஆனால் பள்ளியில் போடும் கட்டத்தில் இதற்கு இடமே கிடையாது.

எனக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'நீங்கள் முன்பே தெரிவித்திருந்தால்' என்பதற்கு 'இஃப் யூ வுட் ஹேவ் இன்ஃபார்ம்ட்' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி அதை செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். முப்பது வருடம் கழித்து டிவியில் ஒரு அமெரிக்கர் 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று கூசாமல் சொன்னார். அங்கே பேச்சில் அது சகஜமாம். இலக்கணப் புத்தகங்கள் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. அதிகாரி ரிட்டயர் ஆகிவிட்டார், யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்பார்ட்டா கதையையும் அவளுக்குச் சொன்னேன். மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், அலெக்சாண்டரின் அப்பா, ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு மிரட்டல் அனுப்பினார், உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் உங்களைத் தொலைத்துவிடுவேன் என்று. அவர்கள் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்களாம். அதன் பொருள் 'இஃப்'. புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஸ்பார்ட்டா நகரத்தை பிலிப் கடைசிவரை பிடிக்கவில்லை.

இந்தப் பதிலைத் தமிழில் எழுத முடியாது. நம் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாகப் பிய்த்து 'ஆல்' என்று அனுப்பினால் பிலிப் ஆலமரம் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கிலம் முதலிலேயே மணியடித்துவிட்டு வாக்கியத்தைத் தொடங்கும். தமிழில் வினை முடிகிற வரை காத்திருக்க வேண்டும். கிப்ளிங்கின் 'இஃப்' கவிதை மொத்தம் 32 வரி, முழுவதும் ஒரே வாக்கியம். 'இஃப்', 'இஃப்' என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி இரண்டு வரியில்தான் என்ன கிடைக்கும் என்று சொல்கிறார். தமிழில் அதைப் பெயர்ப்பவருக்கு முதல் தலைவலி தலைப்பு.

எல்லாம் சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது. "அப்ப அன்லெஸ், பெரியப்பா?" என்றாள். அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது, அதற்கு மேல் ஒரு 'நாட்' போடாதே என்றேன். தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை டெஸ்ட் நடந்தது. பத்துக்கு எட்டு. போன இரண்டும் அன்லெஸ்ஸில்.