வாசலை மூடிய செவ்வரத்தை

நமக்குள் பேசுவோம்



ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் இம்மாதம் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவர். 2007இல் நடந்த ஒரு சுற்றிவளைப்பின் பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அதற்கு முந்திய தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நட்ட செவ்வரத்தை இன்று கூரைத் தகரத்தை முட்டி நிற்கிறது. ஜன்னலை மூடிவிட்டதால் காம்பிராவுக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. சுவரில் ஈரம் காய்வதில்லை. இரவில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதில்லை. வயதுவந்த மகளை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்கிறார்.

"தம்பி வேரோடு பிடுங்கச் சொல்கிறான். மாமியாரோ, என் மகன் நட்டதில் கைவைக்காதே என்கிறார். இதை எடுத்தால் அந்த இடத்தில் வேறு என்ன நடலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலில் செடியைப் பார்ப்போம்.

கவ்வாத்து என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலையை அப்படியே விட்டால் அது மரமாகிவிடும். மேல்நாட்டுத் தோட்டங்களில் நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவதால்தான் அது நம் இடுப்பளவில் நின்று கொழுந்து தருகிறது. செவ்வரத்தையும் வெட்டைத் தாங்கும் செடிதான். ஒரே நாளில் மொட்டையடிக்காமல், முறைக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகளாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். ஆகவே உங்கள் வாசல் செடி வளர்ந்துவிட்டால் முதலில் கவ்வாத்து வெட்டிப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சகோதரியின் செடி சுவரிலிருந்து இரண்டடி தூரத்தில் நிற்கிறது. வெட்ட வெட்ட அது ஜன்னலுக்கே வரும். காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு வருடம் முழுவதும் அதனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. எனவே இடத்துக்கு ஏற்ற வேறு செடி வைப்பதே சரி.

புதுச்செடி வாங்கும்போது இன்றைய அளவைப் பார்க்காதீர்கள். முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று கேளுங்கள். அதில் பாதியோடு ஓரடியைக் கூட்டி, சுவரிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். நான்கடி அகலம் வரும் செடியென்றால் மூன்றடி தள்ளி நட வேண்டும். அப்போது சுவருக்குக் காற்றுப் படும், ஆளும் போய்வரலாம். உயரம் ஜன்னல் கட்டைக்குக் கீழே நிற்க வேண்டும். கானை அடைக்கும் இடத்தில் எதையும் நடக்கூடாது.

ஹட்டன், நுவரெலியாக் குளிருக்கு நன்றாக வருவது ஹைட்ரேஞ்சியா. வீடுகளின் முன்னால் பந்து பந்தாக நீலநிறத்தில் பூத்திருக்குமே, அதுதான். தேயிலை மண் புளிப்புத்தன்மை உள்ளது. அதனால்தான் அப்பூ நம் பக்கத்தில் நீலமாகப் பூக்கிறது. ஈரம் அதற்குப் பிடிக்கும். பூ முடிந்தவுடன் வெட்டிவிட்டால் உயரம் அடங்கி நிற்கும். ஆனால் இலை நஞ்சுள்ளது. ஆடு கட்டும் வாசலிலும், கிடைத்ததை வாயில் வைக்கும் சிறுபிள்ளை உள்ள வீட்டிலும் வேண்டாம். அப்படியான வீட்டில் வல்லாரைப் பாத்தி ஒன்று போடலாம். வாசலையும் மறைக்காது, கறிக்கும் உதவும்.

சிலவற்றை வாசலில் வைக்கவே வேண்டாம். அலரி வகைகளும், தலைகீழாக மணிபோல் தொங்கும் ஊமத்தைப் பூவும் கடும் நஞ்சு. ரோசாவை நடைபாதை ஓரத்தில் வைத்தால் முள் கிழிக்கும். நாயுண்ணி வேலி தாண்டிப் பரவும். வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ் என்ற முட்செடியின் மஞ்சள் பூ பார்க்க அழகுதான். ஆனால் அது ஹோர்ட்டன் சமவெளியில் பரவியதால், தொண்டர்கள் திரண்டு போய்ப் பிடுங்க வேண்டிய நிலை வந்தது.

இன்னொரு விடயம். லயத்தைச் சுற்றியுள்ள நிலம் தோட்டத்துக்குரியது. பெரிய மரம் வைப்பதற்கு முன் தோட்டத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் நட்டதைப் பின்னர் எடுக்கச் சொல்லலாம். தனிவீட்டோடு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்த சகோதரிகளுக்கு ஏறக்குறைய 1,900 சதுர அடி இருக்கிறது. அதில் வீடு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அவர்களும் அளந்தே நட வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. அவர் நட்டதை எடுப்பதா?

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாமியாரின் மனமும் நமக்குப் புரிகிறது. அந்தத் தாய்க்கு மகன் தொட்ட பொருளாக மிஞ்சியிருப்பது அதுதானே. ஆனால் செடியைக் காப்பாற்ற அந்த இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்றில்லை. நர்சரியில் வி.பி. தேயிலைக் கன்று போடுவது நம் பெண்களுக்குக் கைவந்த வேலை. அதேபோல் செவ்வரத்தையிலும் பென்சில் பருமனான கிளையில் ஆறங்குல நீளத்துக்கு நாலைந்து துண்டுகள் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, பொலித்தீன் மூடி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். அது தாய்ச்செடியின் அதே பூவைத்தான் பூக்கும். ஒரு கன்றை மாமியார் கையாலேயே மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் நடச் சொல்லுங்கள். அது பிடித்த பின்னரே பழைய செடியில் மண்வெட்டி பட வேண்டும்.

செடியை இடம் மாற்றுவது அவரை மறப்பதாகாது. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இப்படியொரு வழியைச் சட்டமும் தந்திருக்கிறது. 2016இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழைப் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. தேடுவதையும் கைவிடத் தேவையில்லை. ஆனால் நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்தைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கவும் அது உதவும். "எடுத்தால் அவர் போய்விட்டார் என்றாகிவிடுமே" என்று பயந்து அதற்கு விண்ணப்பிக்காமல் இருக்கும் சகோதரிகள் பலர். காத்திருக்கிற வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் படிக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் மாமியாரோடும் மகளோடும் உட்கார்ந்து கதையுங்கள். தம்பி உதவிக்கு வரட்டும், தீர்மானம் அந்த வாசலால் தினமும் போய்வருகிற உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு தண்டுகளை ஊன்றுங்கள். ஜன்னலை மறைக்கும் கிளைகளை மட்டும் இப்போதே வெட்டிவிடுங்கள். வெயில் காலமான பெப்ரவரி, மார்ச்சில் பழைய வேரைத் தோண்டி எடுங்கள். தேயிலை பிடுங்கிய மலையில் குவாத்தமாலாப் புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறவிடுகிறார்கள். வாசலுக்கு அவ்வளவு தேவையில்லை. முள்ளுக் குத்தி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, மக்கிய மாட்டெருவைப் போட்டுச் சில கிழமைகள் விட்டால் போதும். மழை தொடங்கும்போது புதுச்செடியை நடலாம். நுவரெலியாப் பக்கத்துச் சகோதரிகள் ஜனவரியில் இளங்கன்று நட வேண்டாம். உறைபனி கருக்கிவிடும்.

உங்கள் வாசலைப் பற்றியும் எழுதுங்கள். காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பற்றிய சந்தேகங்களையும் கேட்டு எழுதலாம். பெயரை வெளியிட மாட்டோம்.