சங்கிலியனாய் விளையாடிப் பாப்பமா?

வில்லனாய் விளையாடுற கேம்களில எனக்கு ஒரு பெரிய குறை இருக்கு. அதுகளில வில்லனாய் இருக்கிறது மிச்சம் லேசு. அந்தக் குறையை விளங்கப்படுத்த ஒரு பழைய கேமை எடுக்கிறன்: 2007இல வந்த 'ஓவர்லோட்', அதுக்கு 2008 பெப்ரவரியில வந்த 'ரைசிங் ஹெல்' எண்ட எக்ஸ்பான்ஷன். இப்ப பழைய லப்டொப்பிலயும் ஓடும். கதை எழுதினது ரியானா பிரட்சட். செய்தது நெதர்லாந்திலயிருக்கிற ட்ரயம்ப் ஸ்ரூடியோஸ். அதாவது ஒல்லாந்துக்காரர். மடுப் பக்கத்து ஆக்களுக்கு இதில ஒரு சிரிப்பு இருக்கு. மாந்தையிலயிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல சனம் காட்டுக்குள்ள ஓடி வந்ததே ஒல்லாந்தருக்குப் பயந்துதான். எங்கட அம்மம்மாமார் சொல்லுற கதையில வில்லன் அவங்கள்தான். கடைசியில வில்லனாய் விளையாடக் கேமும் அவங்களே செய்து தந்திட்டாங்கள்.

கேம் தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாய்: நீங்கள் ஒரு இருண்ட கோட்டைக்குத் தலைவன். உங்களுக்குக் கீழ மினியன் எண்ட குட்டிப் பிசாசுப் படை. மண்நிறம் அடிபடும், சிவப்பு நெருப்பு எறியும், பச்சை நஞ்சோட பின்னால குத்தும், நீலம் செத்ததுகளை எழுப்பும். கையை நீட்டினால் காணும், ஓடிப்போய் ஊரையே புரட்டி எடுத்து, கிடைச்ச பூசணிக்காயையும் தொப்பியாய்ப் போட்டுக்கொண்டு வருங்கள். சிரிச்சு வயிறு நோகும். முன்னம் இருந்த ஓவர்லோட்டைக் கொன்ற ஏழு வீரரும் பிறகு கெட்டுப்போயிட்டினம். பெருந்தீனி, சோம்பல், காமம், பேராசை எண்டு தலையான பாவங்கள் ஏழும் ஆளுக்கொண்டாய். அவையளை ஒவ்வொருத்தராய் முடிக்கிறதுதான் உங்கட வேலை.

இதிலதான் முதல் ஏமாத்து. நீங்கள் வில்லன் எண்டு பேர், ஆனால் எதிரில நிக்கிறவன் எல்லாரும் உங்களைவிட மோசம். ஊரின்ர சாப்பாட்டையெல்லாம் தானே திண்டு உருளுற ஒருத்தனை அடிச்சு விழுத்தினால் அதில என்ன வில்லத்தனம்? அந்தச் சாப்பாட்டைத் திருப்பிக் குடுத்தால் சனம் உங்களைக் கும்பிடும். கடைசியில, நீங்களே அந்த வீரர் கூட்டத்தில எட்டாவது ஆள் எண்டும் தெரியவரும். (பதினேழு வருசத்துக்கு மேலான கேம். கதையைச் சொல்லிப்போட்டான் எண்டு கோவிக்காதேங்கோ.) அதாவது கறுப்புக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நீங்கள் விளையாடினது கதாநாயகனைத்தான்.

'ரைசிங் ஹெல்' இதைத் திருத்தும் எண்டு நினைக்க இடமிருந்தது. நீங்கள் பிடிச்ச ஊர்களில நரகத்துக்கு வாசல் திறக்குது. சனம் அதைச் சொர்க்கம் எண்டு நம்பி வரிசையில உள்ள போகுது. எனக்கு இந்தக் காட்சி உண்மையாவே பிடிச்சது. ஒரு கொடுங்கோலனுக்குக் கீழ இருந்து களைச்ச சனத்துக்கு வேற எந்தக் கதவும் சொர்க்கமாய்த்தான் தெரியும். ஆனால் கேம் அந்தச் சனத்தோட நிக்கேல்ல. உள்ள போனால், நீங்கள் முன்னம் கொன்ற வீரர்கள் அவரவர் பாவத்துக்கேற்ற தண்டனையில கிடக்கினம். திரும்பவும் அதே கணக்கு: நரகத்தில இருக்கிறவன் நரகத்துக்குரியவன்தான், நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. அங்க கிடக்கிற ஏழைச் சனம் பின்னணியில கத்துற சத்தம் மட்டும்தான்.

முதல் கேமில ஒரு விவசாயியைக் கொன்றால் என்ன நடக்கும்? உங்கட கெட்டதன வீதம் கூடும். அவ்வளவுதான். செத்தவனுக்குப் பேர் இல்லை, வீடு இல்லை, அழ ஒரு ஆள் இல்லை. செத்தவன் ஒரு வீதக் கணக்காய் மாறிடுறான்.

இப்ப மன்னாருக்கு வாங்கோ.

1544இல யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி மன்னாருக்குப் படையோட வந்து, புதிசாய்க் கிறிஸ்தவம் தழுவின சனத்தை வெட்டினான். அறுநூறுக்குக் குறையாத ஆக்கள் எண்டு சொல்லுவினம். தோட்டவெளியில வேதசாட்சிகள் பேரில கோயில் இருக்கு. எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்குச் சங்கிலி எண்ட பேர் முதல்முதல் காதில விழுறது மறைக்கல்வி வகுப்பில, கொலைகாரனாய். அதே பிள்ளை ஏ.எல். முடிச்சு யாழ்ப்பாணம் கம்பஸுக்குப் போனால், நல்லூர் முத்திரைச் சந்தியில சங்கிலியன் குதிரையில வாளோட சிலையாய் நிக்கிறான். அங்க அவன் தமிழரின்ர வீரன். 1619இல போர்த்துக்கேயர் பிடிச்சுப் பிறகு கோவாவில கொன்ற இரண்டாம் சங்கிலி வேற ஆள். ஆனால் சந்தியால போற சனத்துக்கு ரெண்டு சங்கிலியும் ஒருத்தன்தான். நூறு கிலோமீற்றர் சொச்சம் பஸ்ஸில போற தூரத்துக்குள்ள வில்லன் கதாநாயகனாய் மாறிடுறான்.

ரெண்டு பக்கமும் தங்கட கேமை லேசாய்த்தான் வச்சிருக்கு. யாழ்ப்பாணத்துக் கதையில சங்கிலிக்கு எதிரில நிக்கிறவன் போர்த்துக்கேயன். துப்பாக்கியோடயும் கப்பலோடயும் வாறவன், ஆரும் வெறுக்கலாம். மன்னாரில செத்த சனம் அந்தக் கதையில ஒரு ஓரம். எங்கட கதையில சங்கிலிக்கு மூளையே இல்லை, வெறி மட்டும்தான். அவனிட்ட ஒரு கணக்கு இருந்தது எண்டு ஆரும் சொல்லித் தந்ததில்லை. எதிர்க் கரையில பரவர் சமூகம் கிறிஸ்தவத்துக்குப் போனதோட போர்த்துக்கேயரின்ர காவலுக்குள்ளயும் போனதை அவன் பாத்திருந்தான். மன்னாரில முத்துக் குளிப்பு இருந்தது, அதின்ர வருமானம் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்த சனம் நாளைக்குத் தனக்கு வரி கட்டுமோ எண்டு பயந்தான். அந்தப் பயம் வெறும் பைத்தியமில்லை: 1560இல போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கிப்போட்டு, அதே வருசம் மன்னாரைப் பிடிச்சுக் கோட்டையும் கட்டினாங்கள். கணக்குச் சரியாய் இருந்ததுக்காக வெட்டினது சரியாகாது. ஆனால் கணக்கே தெரியாமல் அவனை வெறுக்கிறதில எனக்கு ஒரு படிப்பும் இல்லை.

அதாலதான் கேட்கிறன்: சங்கிலியனாய் விளையாடுற ஒரு கேம் ஏன் இருக்கக் கூடாது? எங்கட பெடியள் பெட்டையள் கோடிங் படிக்கினம், படம் கீறினம், பாட்டுப் போடினம். செய்யலாம். ஆனால் 'ஓவர்லோட்' மாதிரிச் செய்யக் கூடாது. மாதிரிக்கு எங்கட கூத்து இருக்கு.

மூவிராசாக்கள் கூத்தை நினைச்சுப் பாருங்கோ. ஏரோது வரேக்க அவனுக்கும் வரவுப் பாட்டு இருக்கு, மத்தளம் அவனுக்கும் அதே பலத்தோடதான் அடிக்கும். எங்கட சொந்தத்தில ஒரு மாமா அந்த வேசம் போட்டவர். ஏரோதை நல்லாய்ப் பாடாட்டி பிள்ளையளைப் பறிகுடுத்த தாய்மாரின்ர அழுகை எடுபடாது எண்டு சொல்லுவார். அரை நூற்றாண்டுக்கு முதலே பேராதனையில வித்தியானந்தன் 'இராவணேசன்' போட்டு, இராவணனை நடுமேடையில நிக்க வச்சவர். வில்லனுக்கு உள்ளுக்க போய்ப் பாக்கிறது எங்களுக்குப் புதிசில்லை. ஆனால் கூத்தில வெட்டினவனும் பாடுவான், வெட்டுப்பட்டவனின்ர வீட்டிலயும் ஒரு புலம்பல் கேட்கும். வீதக் கணக்கு அங்க இல்லை.

அப்படி ஒரு சங்கிலி கேமில, நல்லூர் அரண்மனையில தொடங்குங்கோ. திறைசேரியைப் பாருங்கோ, கப்பல் வந்த சேதியைக் கேளுங்கோ, மந்திரிமாரோட வாதாடுங்கோ. படை புறப்படுற முடிவை நீங்களே எடுங்கோ. பிறகு கேம் உங்களைக் கரையில இறக்கி விடட்டும். அங்க வலை பொத்துற ஒருத்தன், சிப்பி உடைக்கிற ஒருத்தி, நேற்றுத்தான் புதுப் பேர் வச்சுக்கொண்டு அதைச் சரியாய்ச் சொல்லத் தெரியாமல் நிக்கிற ஒரு கிழவன். அவையளோட கதைச்சாப் பிறகுதான் அடுத்த பட்டன் வேலை செய்யோணும்.

இதைச் சொன்னால் ரெண்டு பக்கத்திலயும் கோவம் வரும் எண்டு தெரியும். வேதசாட்சிகளைக் கேமாக்குறதோ எண்டு எங்கட ஆக்கள் கேட்பினம். மாமன்னனைக் கொலைகாரனாக்குறதோ எண்டு மற்றப் பக்கம் கேட்கும். முதல் கேள்விக்கு என்னட்ட இருக்கிற பதில் இதுதான்: அந்த அறுநூறு பேரில எத்தனை பேரின்ர பேரைச் சொல்லுவீங்கள்? எண்ணிக்கையை மட்டும் வச்சு நாங்களும் அவையளை 'ஓவர்லோட்' விவசாயி மாதிரித்தான் நினைவு வச்சிருக்கிறம். கற்பனையாலயாவது ஆளுக்கொரு முகம் குடுக்கிறது அவமரியாதை இல்லை. ரெண்டாவது கேள்விக்கு: சிலைக்கு மாலை போடுங்கோ, நான் தடுக்கேல்ல. மாலை போடுற கை மன்னார்ப் பக்கமும் ஒருக்கால் காட்டட்டும்.

இதெல்லாம் பழைய கதை, இப்ப என்னத்துக்கு எண்டு நினைக்கலாம். 2019 மார்ச்சில, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சர வீதி வளைவு பிடுங்கப்பட்டபோது ரெண்டு மூண்டு நாளைக்கு இந்தப் பக்கத்தில ஆர் ஆரோட கதைக்கிறது எண்டே யோசிக்க வேண்டி இருந்தது. பக்கத்துப் பக்கத்து மேசையில இருந்து படிச்ச பிள்ளையள் போனில ஆளையாள் வில்லனாக்கிக்கொண்டு இருந்தினம். ஒவ்வொருத்தருக்கும் தான் எட்டாவது வீரன், மற்றவன் ஏழு பாவத்தில ஒண்டு. அது 'ரைசிங் ஹெல்'லை விட நல்லாய் எழுதின கதை இல்லை.

மற்றவன்ர வில்லனுக்குள்ள புகுந்து ஒரு மணித்தியாலம் நடந்து பாத்தவன் அடுத்தமுறை வளைவு விழேக்க கொஞ்சம் பிந்தித்தான் கத்துவான். அந்தப் பிந்துற நேரம் எங்கட பக்கத்துக்குத் தேவை. ஆராவது செய்யத் தொடங்கினால் சொல்லுங்கோ. எனக்குக் கோடிங் வராது, வரவுப் பாட்டு எழுதித் தாறன்.