கரும்பலகையோடு அழிந்துபோதல் தகுமோ?

விழா மலர்களிலே கட்டடங்களின் வரலாறு வரும். அதிபர்களின் வரிசை வரும். விளையாட்டு வெற்றிகளும் பரீட்சைச் சித்திகளும் வரும். ஓர் ஆசிரியர் முப்பது நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் எவ்வாறு கற்பித்தார் என்பது மட்டும் வருவதில்லை. இக்குறையைப் பழைய மாணவர் முன்னிலையில் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் திரியாயிற் பிறந்தவன். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்திருந்தபோது எனக்கு விஞ்ஞானம் கற்பித்தவரும் எம் ஊரவரே. இன்று ஓய்வுபெற்றிருக்கும் அவரை அண்மையிற் சென்று கண்டேன். பேச்சு அந்நாளைய வகுப்புகளை நோக்கித் திரும்பிற்று.

ஓலைக் கொட்டிலில் நடந்த அவ்வகுப்பிற் பாசிச்சாயத்தாள் இல்லை. ஆசிரியர் செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து, அச்சாற்றை இரு குவளைகளில் வார்த்தார். ஒன்றில் தேசிக்காய்ப் புளி விட்டார்; மற்றதிற் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டார். முன்னது சிவந்தது, பின்னது பச்சையாயிற்று. நாங்கள் வியந்து நின்ற பின்னரே, “இதற்குக் காட்டி என்று பெயர்” என்றார். மற்றொரு நாள் புல்மோட்டைக் கருமணலில் ஒரு பிடி கொண்டுவந்து, பழைய ஒலிபெருக்கியிற் கழற்றிய காந்தத்தை அருகே பிடித்தார். ஒட்டிய மணிகளையும் ஒட்டாது கிடந்த மணிகளையும் பிரித்துக் காட்டிய பின்னரே இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் என்னும் பெயர்கள் வந்தன.

“சொல்லை முன்னே கொடுத்தாற் பிள்ளை மனனஞ் செய்யும், தம்பி. பொருளை முன்னே காட்டினாற் சொல்லைத் தானே கேட்கும். இதை அறிய எனக்குப் பத்து வருடம் சென்றது. அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது” என்றார்.

“இவற்றை எழுதிவைத்தீர்களா, ஐயா?” என்று கேட்டேன். 1985இல் வீடு எரிந்தபோது குறிப்பேடுகளும் எரிந்தன என்றார். “பிறகு எழுதவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவன், எனக்குத் தமிழ் எழுத வராது” என்றார்.

அம்மறுமொழி தமிழாசிரியனாகிய என்னைச் சுட்டது. தமிழிலேயே வாழ்நாள் முழுதும் விஞ்ஞானம் விளக்கிய ஒருவர் தமக்குத் தமிழ் வராது என எண்ணுவாராயின், அப்பிழை எம்முடையதன்றோ? செய்யுளும் இலக்கணமுமே தமிழ் என்று வேலி கட்டியவர்கள் யாமே.

விபுலானந்த அடிகள் அவ்வேலியை அறியாதவர். துறவு பூணுமுன் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, 1916இற் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலுந் தேறினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்த அவர், பின்னர் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணிபுரிந்தார். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1947இல் அரங்கேறிய அவரது யாழ் நூல், பழந்தமிழர் இசையை ஒலியியலும் கணிதமுந் துணையாக ஆராய்வது. விஞ்ஞான வகுப்பில் நின்ற ஆசிரியர் ஒருவர் எழுதியமையால் தமிழ் பெற்ற பயன் இது.

இணையத்தில் எல்லாப் பரிசோதனைகளையும் காணலாமே, ஓய்வுபெற்றோரின் நினைவுகள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். காணலாம்; மறுக்கவில்லை. ஆயின் நம் காலடி மணலைக் கொண்டு நம் பிள்ளைக்கு எதனை முதலிற் காட்டவேண்டும், எவ்விடத்தில் அப்பிள்ளை தடுமாறும் என்பவற்றை இங்கு நெடுங்காலங் கற்பித்தவரே அறிவார். பாடத்திட்டத்திலும் அது இல்லை.

ஆதலாற் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் விஞ்ஞான மாணவர் ஒருவரையும் தமிழ் மாணவர் ஒருவரையும் அனுப்புக. அவர் சிறப்பாகக் கற்பித்த பத்துப் பாடங்களையும், தவறவிட்ட ஓரிரண்டையும் கேட்டு எழுதச் செய்க. அச்சுச் செலவைச் சங்கம் ஏற்குமாயின், அச்சிறு நூல் விழா மண்டபத்திலும் நெடுநாள் பயன் தரும்.

யான் தொடங்கிவிட்டேன். ஆசிரியர் சொல்ல எழுதுகின்றேன். எழுதியதைப் படித்துக் காட்ட, அவர் திருத்துகின்றார். முதலாம் பாடம் செவ்வரத்தம்பூ.