கிள்ளானை நடந்து பார்ப்போம்

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூர், பேங்காக் என்று திட்டம் போடுகிறோம். காணொளி பார்த்தே அந்நகரங்களின் சந்து பொந்தெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால், பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் போய்ச் சேரும் கிள்ளானை நம்மில் எத்தனை பேர் நடந்து பார்த்திருக்கிறோம்?

பலருக்குக் கிள்ளான் என்றால் தீபாவளிச் சந்தை மட்டுமே. காரில் போய், நிறுத்த இடம் தேடி அலுத்து, துணி வாங்கித் திரும்புவதோடு சரி. ஊரை அறிந்தவர் நிலையத்தில் இறங்கி, தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே செல்வார். பூக்கடையில் நின்று நலம் விசாரிப்பார். ஆற்றைக் கடக்க, 60 ஆண்டுகளுக்கு மேல் பழமையான கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டைப் பயன்படுத்துவார். அந்த இரட்டைத்தட்டுப் பாலத்தில் கீழ்த்தட்டு பாதசாரிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரியது.

மீண்டும் கொமுட்டர் ஏறினால் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 1901இல் திறக்கப்பட்டபோது அதற்குச் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர். 1972இல்தான் இப்பெயர் வந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் இம்மண்ணில் கால் வைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்துதான் ரப்பர் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

அந்தக் கப்பல் பயணத்தைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். எனவே மாணவர்களே, அடுத்த விடுமுறையில் தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து புறப்பட்டது, எங்கே கரையேறியது, எந்தத் தோட்டத்திற்குப் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. கேட்கத் தவறினால் பிறகு கிடைக்கவும் கிடைக்காது.