புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம்

பழைய சோற்றுக்கு நாலு சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கிடைத்தால் வேறு கறியே தேவையில்லை. ருசி ஒரு பக்கம். கோடைச் சூட்டுக்கு நல்லது என்பது இன்னொரு பக்கம். சித்த மருத்துவத்தில் வெங்காயத்துக்கு ஈருள்ளி என்ற பெயரும் உண்டு. மூலத்துக்கு நெய்யில் வதக்கிய வெங்காயம், கட்டி பழுக்கச் சுட்டு நசுக்கிய வெங்காயப் பற்று, இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் எனப் பல கைவைத்தியங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் புழுவெட்டுக்கு வெங்காயம் தேய்ப்பது.

தலையிலோ தாடியிலோ காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டிப்போவதே புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உண்மையில், உடலின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் இது வருகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. புழுவெட்டு வந்த பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்கி உட்கார வைக்க அவசியமே இல்லை.

ஈராக்கின் பாக்தாத் நகர மருத்துவர்கள் 2002-ல் இதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேருக்கு வெங்காயச் சாறும், 15 பேருக்கு வெறும் தண்ணீரும் தினம் இருவேளை தடவச் செய்தார்கள். ஆறு வாரத்தில் சாறு தடவியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர் தடவியவர்களில் எட்டு வாரம் ஆகியும் இரண்டே பேருக்குத்தான் முளைத்தது. ஆய்வு சிறியது, புழுவெட்டு சிலருக்குத் தானாகவே சரியாவதும் உண்டு. ஆனாலும் பாட்டி சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

செய்முறை: இரண்டு சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து நசுக்கி, துணியில் பிழிந்து சாறெடுக்கவும். வெங்காயத்தை நசுக்கும்போதுதான் அதன் கந்தகப் பொருட்களிலிருந்து காரம் உண்டாகிறது. அதனால் அவ்வப்போது புதிதாகப் பிழிவதே நல்லது. முதலில் முன்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்க்கவும். அரிப்போ தடிப்போ இல்லையென்றால், முடி கொட்டிய இடத்தில் மட்டும் காலையும் மாலையும் மெல்லத் தடவலாம். எரிச்சல் அதிகமானால் கழுவிவிட்டு நிறுத்திவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* சொரசொரப்பான துணியால் ரத்தம் கசியத் தேய்க்கக் கூடாது. தோல் புண்ணாகிவிடும்.
* புருவம், இமை அருகே தடவ வேண்டாம். சாறு கண்ணில் இறங்கும்.
* செதில், அரிப்பு, சீழ் இருந்தால் அது புழுவெட்டாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது தொற்றக்கூடியது, மாத்திரை தேவைப்படும்.
* பரம்பரை வழுக்கைக்கு இந்த ஆய்வு பொருந்தாது.
* இருமலுக்குக் கொடுக்கும்போது, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்து கொடுக்கவே கூடாது.

இரண்டு மாதமாகியும் முடி முளைக்கவில்லை என்றாலோ, புதிய வட்டங்கள் தோன்றினாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புழுவெட்டுக்கு இன்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.