நீ யார்? 650 வார்த்தைகளுக்குள்



நம் சபையில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறவர்கள் இப்போது காலேஜ் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காமன் ஆப்பில் அதற்கு 650 வார்த்தைகள்தான் இடம். கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விஷயம் ஒன்றே: நீ யார்? "அதுதான் அக்கா தெரியல" என்று சிலர் சொல்லுகிறீர்கள். தெரியாதது அவமானமல்ல.

1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் ழான் பால் சார்த்தர் என்ற தத்துவ அறிஞர் இதைப் பற்றித்தான் பேசினார். காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டினார். அது எதற்கு என்று தீர்மானித்த பிறகே ஒருவர் கத்தியைச் செய்கிறார். மனிதன் அப்படியல்ல, முதலில் பிறந்துவிடுகிறான், பிறகு தன் செயல்களால் இன்னார் ஆகிறான் என்றார். தேவன் இல்லை என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். அந்த இடத்தில் நாம் அவரோடு போக முடியாது. தாயின் கர்ப்பத்திலேயே நம்மை அறிந்தவர் உண்டென்று விசுவாசிக்கிறோம். ஆனால் "இவ டாக்டராகவே பிறந்தவ" என்று வீட்டில் பேசும்போது பிள்ளையைக் கத்தியாக்குவது தேவனல்ல, நாம்தான்.

அதே உரையில் ஒரு மாணவன் வருகிறான். அண்ணனை 1940இல் ஜெர்மானியரின் தாக்குதலில் இழந்தவன். அம்மாவுக்கு இவன் ஒருவனே ஆறுதல். இங்கிலாந்து போய் விடுதலைப் பிரெஞ்சுப் படையில் சேருவதா, அம்மாவோடு இருப்பதா? சார்த்தர் வழி சொல்லவில்லை, நீயே தெரிந்துகொள் என்றுவிட்டார். ஆலோசனைக்கு எந்தக் குருவானவரிடம் போகிறாய் என்பதிலேயே உன் முடிவு பாதி இருக்கிறது என்றும் காட்டினார். குறும்புதான், ஆனால் உண்மை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படி என்று சொல்ல வைக்க எந்த அங்கிளிடம் போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்!

எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் கேலியாகத் தோன்றலாம். வேலை செய்ய அனுமதி இல்லை. 21 வயதானால் பெற்றோரின் விசாவோடு தொடரவும் முடியாது. எதை வைத்துத் தன்னை உருவாக்குவது? பிறக்கும் நிலைமையை நாம் தெரிந்துகொள்வதில்லை, அதற்குள் எப்படி நடக்கிறோம் என்பதே நம் கையில் என்பார் சார்த்தர். எனக்கு அது பாதி ஆறுதல்தான். பெரியவர்கள் அந்தப் பிள்ளையிடம் "முயற்சி போதாது" என்று சொல்லாமலிருந்தால் மீதிப் பாதி கிடைக்கும்.

நமக்குத் தெரிந்த ஒருவரைப் பார்ப்போம். ஐடா ஸ்கடர் 1870இல் பிறந்தவர். தாத்தா, அப்பா, பெரியப்பாக்கள் என்று பலரும் மிஷனெரிகள். தான் மட்டும் அப்படி ஆகப்போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அம்மாவுக்குச் சுகமில்லை என்றுதான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க அழைத்தார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. டாக்டரான அப்பா இருந்தார். ஆண் என்பதால் அவரை ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இது தேவ அழைப்பு என்று யாரும் ஐடாவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வேறொருவர் அழுதுவிட்டு அடுத்த கப்பலேறியிருக்கலாம். அதை அழைப்பாக எடுத்துக்கொண்டது அவர்தான். 1899இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் பெற்றார், 1900இல் வேலூருக்கு வந்தார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1946இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. (நர்ஸாகிய நான் இதைச் சொல்லாமல் விடுவேனா!)

உங்கள் வயதில் காமன் ஆப் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால், இந்தியாவுக்கு மிஷனெரியாக மட்டும் போகமாட்டேன் என்றுதான் ஐடா எழுதியிருப்பார்.