மைக்கோட வயித்துக்குள்ள ஒரு சுவிட்ச்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சும்மா இருக்க முடியாம என்னோட பழைய கண்டென்சர் மைக்கைக் கழட்டினேன். அப்பப்ப ஒரு கரகரப்பு வரும். உள்ளே எங்கயோ சால்டர் விட்டிருக்கும்னு நினைப்பு. அடி வளையத்தைத் திருகி, குழாயை உருவினா பச்சை போர்டு. அதோட ஓரத்துல அரிசி மணி சைசுக்கு ரெண்டு சுவிட்ச்! ஒண்ணு பக்கத்துல -10ன்னு அச்சடிச்சிருக்கு. இன்னொண்ணு பக்கத்துல பேஸ் வெட்டுறதுக்கான அந்த வளைஞ்ச கோடு.

2014ல வாங்கின மைக்குங்க. வெளியில ஒரு பொத்தான் கிடையாது. டப்பால வந்த ஒத்தைத் தாள்லயும் இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனி பேரு வேண்டாம், அதுவா இப்ப பிரச்சினை?

பிரச்சினை என்னன்னா, 2016ல எங்க பெரியப்பா பம்பை அடிச்சுப் பாடினதை இதே மைக்லதான் பதிஞ்சேன். மாரியம்மன் பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல. குரல் நல்லா வந்துச்சு. ஆனா குச்சி பம்பை மேல விழுற ஒவ்வொரு தடவையும் ஒலி உடைஞ்சுது. ரெக்கார்டர்ல அளவைக் குறைச்சேன், இன்னும் குறைச்சேன். சத்தம்தான் குறைஞ்சுதே தவிர உடையறது நிக்கல. மைக்கைத் தள்ளி வெச்சா குரல் காணாமப் போகுது. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா அலையெல்லாம் பாதி உயரம் கூட இல்ல, ஆனா உச்சி மட்டும் கத்தரிச்ச மாதிரி மொட்டையா இருந்துச்சு.

"சாமி, நல்லா வந்திருக்குதா?"ன்னு கேட்டார். "நல்லா வந்திருக்குதுங்க பெரியப்பா"ன்னேன். 2018ல அவர் போயிட்டார்.

ஏன் அப்படி ஆச்சுன்னு இப்ப புரியுது. கண்டென்சர் மைக்ல ஒலியைப் பிடிக்கிற தகடு, அதான் கேப்ஸ்யூல், அதுல இருந்து வர்ற மெல்லிசான சிக்னலை முதல்ல வாங்கறது மைக்குக்குள்ளயே இருக்கிற டிரான்சிஸ்டர். பக்கத்துல பம்பை இடிச்சா அதுலயே திணறல். அங்க உடைஞ்சதுக்கு அப்புறம் ரெக்கார்டர்ல என்ன குறைச்சு என்ன பிரயோஜனம்? கேப்ஸ்யூலுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவுலதான் குறைக்கணும். அந்த -10 சுவிட்ச் செய்யறது அதைத்தான். ஒரு நகத்தால தள்ளியிருந்தா போதும்!

நான் மைக் மெக்கானிக் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரியில இருந்து இதே வேலையா இருக்கேன். உள்ளே ஒளிச்சு வைக்கிறது புதுசு இல்லைன்னு தெரிஞ்சுது. நாய்மனோட யூ 87ல பேடும் பேஸ் வெட்டும் வெளியிலயே இருக்கு, யாரும் பார்க்கலாம். அதே கம்பெனி கேஎம் 84ல டிரான்ஸ்ஃபார்மர் கம்பியை 200 ஓம்ல இருந்து 50 ஓமுக்கு மாத்திக் கட்டலாம். அப்படிச் செஞ்சா 6 டெசிபல் குறையும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவன் அது தெரியாம "மைக் டல்லடிக்குது"ன்னு வித்துடுவான். சோனி சி-37ஏ இன்னும் வேடிக்கை. ஸ்க்ரூடிரைவர் வெச்சு கேப்ஸ்யூலோட முதுகைத் திருப்பினா, காத்துப் போற வழி மூடி, முன்பக்கம் மட்டும் கேக்குற மைக் நாலு பக்கமும் கேக்கும். கரண்டுக்கு அதுல வேலையே இல்ல :-)

ஆனா இவங்க எல்லாம் சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க. சர்க்யூட் படம் போட்டாங்க.

சொல்லாம விடறதால வர்ற இன்னொரு கூத்து. 1960ல வந்த யூ 67ல கே 67னு ஒரு கேப்ஸ்யூல். அதுக்கு இயல்பாவே மேல் ஸ்தாயி தூக்கலா இருக்கும். உள்ளே இருக்கிற சர்க்யூட் அந்தத் தூக்கலைத் திருப்பி இறக்கிடும். ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, சேர்ந்தாத்தான் குடும்பம். பின்னாடி வந்த பல மலிவு மைக்குங்க கேப்ஸ்யூலை மட்டும் காப்பியடிச்சு, எதையும் இறக்காத வேற சர்க்யூட்டோட கட்டி வெச்சுடுச்சு. விளைவு, "ஸ" சொன்னா பாம்பு சீறும். நாமளும் "சீன மைக்குன்னாலே இப்படித்தான்"னு சொல்லிட்டுப் போறோம். கேப்ஸ்யூல் மேல தப்பே இல்ல.

கம்பெனிக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் உண்டு, இல்லேன்னு சொல்லல. அந்த இடத்துல மின்தடை ரொம்ப ரொம்ப அதிகம், ஒரு ஜிகா ஓம் கணக்குல. விரல் பிசுக்கு, ஈரம், தூசி எது பட்டாலும் கரகரன்னு ஆரம்பிச்சுடும். வெளியில சுவிட்ச் வெச்சா அதுக்கு ஓட்டை போடணும், செலவு. ஒரே போர்டை நாலு மாடலுக்குப் போட்டு, விலை கூடின மாடலுக்கு மட்டும் ஓட்டை போடறதும் உண்டு. சரி, வியாபாரம். உள்ளேயே இருக்கட்டும்யா. அந்த ஒத்தைத் தாள்ல "உள்ளே ரெண்டு சுவிட்ச் இருக்கு"ன்னு ஒரு வரி எழுத எவ்வளவு ஆகும்? காசு கொடுத்து வாங்கினது நானு. என் பொருள்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாதா? "நீ திறந்து கெடுத்துடுவ"ன்னு பயமாம். திறக்காம நான் கெடுத்தது ஒரு மணி நேரப் பாட்டு.

உங்க கிட்ட இப்படி மைக் இருந்தா கழட்டிப் பாருங்க. முதல்ல 48 வோல்ட்டை நிறுத்தி, ஒயரை உருவி, ஒரு பத்து நிமிஷம் விடுங்க. கேப்ஸ்யூல்ல மட்டும் விரல் வைக்காதீங்க, ஊதக்கூட ஊதாதீங்க. சுவிட்சைப் பல்குச்சியால தள்ளுங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கிற ரெசிஸ்டர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

என் மைக் இப்ப -10ல இருக்கு. மறந்துடக் கூடாதுன்னு குழாய் மேல பிளாஸ்திரி ஒட்டி, "உள்ளே -10"னு பேனாவால எழுதி வெச்சிருக்கேன். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு.